பட்டாணி அளவு நிலா: வீட்டிலேயே ஒரு தொலைநோக்கி

திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொலைநோக்கியை அண்ணன் பிள்ளைகள் இருவரும் ஒரு சாயங்காலம் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து போட்டார்கள். "அத்தை, இதுல எல்லாமே மங்கலாத்தான் தெரியுது. நீங்களே பாருங்க." பார்த்தேன். மங்கலாகத்தான் தெரிந்தது. பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு எட்டு. பிரித்துப் பார்த்துவிடுவது என்று மூவருமாக முடிவு செய்தோம். உள்ளேயிருந்து இரண்டு லென்ஸ்கள் மட்டும் விழுந்தன. மற்றதெல்லாம் வெறும் குழாய். "இவ்வளவுதானா?" என்றான் சின்னவன், ஏமாந்துபோய்.

இவ்வளவுதான். அந்த இரண்டு லென்ஸையும் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், நிலாவின் பள்ளங்களைக் காட்டும் தொலைநோக்கி ஒன்றை இரண்டு சாயங்காலத்தில் செய்துவிடலாம். நாங்கள் செய்தோம். முதல் சாயங்காலம் முழுக்கக் குழாயைத் தொடவே இல்லை. குழாய் இல்லாமல் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால், குழாய் எதற்கு என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

தொலைநோக்கி தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் என்று சொல்லியே பழகிவிட்டோம். கேட்கிற பிள்ளைக்கு இதில் ஒன்றும் விளங்காது. உள்ளே நடப்பது இதுதான்: முன்பக்க லென்ஸ், தூரத்துப் பொருளின் சின்னஞ்சிறு படம் ஒன்றைக் குழாய்க்குள் உருவாக்குகிறது. கண் பக்க லென்ஸ், அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடியாக இருந்து பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒன்று படம் போடும், இன்னொன்று பெரிதாக்கும்.

சரி, லென்ஸுக்கு எங்கே போவது? முன்பக்க லென்ஸுக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்கே போகலாம். தொலைநோக்கியே அங்கிருந்து வந்ததுதான். 1608 அக்டோபரில் நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரத்தில் மூக்குக்கண்ணாடி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் லிப்பர்ஹே என்பவர், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. வேறு சிலரும் அதையே தாங்கள் செய்ததாகச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துவிடக்கூடிய பொருளாகவும் இருந்தது. அவருக்கு அது நஷ்டம். நமக்கு நல்ல சேதி.

கடையில் கேட்க வேண்டியது: பிளஸ் 1 பவரில், ஃபிரேமுக்கு வெட்டாத முழு வட்ட லென்ஸ். சிலிண்டர் பவர் கலக்காதது, பைஃபோகல் இல்லாதது. "யாருக்கும்மா கண்ணாடி?" என்று கடைக்காரர் கேட்டார். "நிலா பாக்கறதுக்கு" என்றாள் பெரியவள். ஜோடியாகத்தான் தருவோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று கீறிப்போனால் இன்னொன்று உதவும்.

பிளஸ் 1 என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 100 செ.மீ.யைப் பவரால் வகுத்தால் அந்த லென்ஸின் குவியத் தூரம் வரும். பிளஸ் 1 என்றால் 100 செ.மீ., பிளஸ் 2 என்றால் 50 செ.மீ. மிகத் தூரத்தில் இருக்கும் பொருளின் ஒளியை, லென்ஸ் தனக்குப் பின்னால் எத்தனை தூரத்தில் ஒன்றுசேர்த்துப் படமாக்குகிறதோ அதுதான் குவியத் தூரம். பவர் ஏற ஏற அந்தத் தூரம் குறையும். தாத்தாவின் படிக்கிற கண்ணாடியைக் கையில் வாங்கி, வெளியே தெரியும் மரத்தின் படத்தைச் சுவரில் விழவைத்துப் பார்த்தால் அவருடைய பவரைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். (தாத்தாவைக் கேட்டுவிட்டு எடுக்கவும்.)

கண் பக்கத்துக்கு, 5 செ.மீ. குவியத் தூரமுள்ள சின்ன, தடித்த பூதக்கண்ணாடி வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் கைப்பிடியோடு கிடைக்கும் அகலமான பூதக்கண்ணாடி பெரும்பாலும் இதற்கு ஆகாது; அதன் குவியத் தூரம் அதிகம். 5 எக்ஸ் என்று போட்டிருக்கும் சின்ன லென்ஸ் கிடைத்தால் அதுதான். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸிலும் இந்த அளவு கிடைக்கும்.

வாங்கி வந்ததை அளந்து பார்த்துவிடுவது நல்லது. இங்கேதான் நான் சறுக்கினேன். பூதக்கண்ணாடியைத் தரைக்கு மேலே பிடித்து, கூரையில் எரியும் ட்யூப் லைட்டின் படத்தைத் தரையில் விழவைத்து, ஸ்கேலை வைத்து அளந்தோம். 5 செ.மீ.தான், சரியாக வந்தது. அதே ஜோரில் பிளஸ் 1 லென்ஸை ஏற்றி இறக்கிப் பார்த்தால் படம் எங்கேயுமே விழவில்லை. லென்ஸில் கோளாறோ என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு அப்புறம்தான் உறைத்தது. ஒரு பொருளின் படம் திரையில் விழ வேண்டுமானால், பொருளுக்கும் திரைக்கும் நடுவே குவியத் தூரத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். ஒரு மீட்டர் லென்ஸுக்கு நான்கு மீட்டர். எங்கள் கூரையின் உயரமே மூன்று மீட்டர்தான். ஆகவே பெரிய லென்ஸைத் தூரத்துப் பொருளை வைத்தே அளக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே எட்டத் தெரியும் மரமோ தண்ணீர்த் தொட்டியோ போதும்.

இனி முதல் சாயங்காலத்தின் விளையாட்டு. வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குள் விளக்கை அணைத்து, ஒரு ஜன்னலைத் தவிர மற்றதையெல்லாம் சாத்திவிடுங்கள். சூரியன் நேராகத் தெரியாத ஜன்னலாக இருக்கட்டும். அதன் முன்னால் புத்தகங்களை அடுக்கி, துணி மாட்டும் கிளிப்பில் பிளஸ் 1 லென்ஸை நிறுத்துங்கள். லென்ஸிலிருந்து சுமார் ஒரு மீட்டர் பின்னால் ஒரு பட்டர் பேப்பரை விறைப்பாகப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓர் இடத்தில் படம் பளிச்சென்று வரும். எங்கள் வீட்டில் எதிர்வீட்டுத் தென்னைமரம் வந்தது. பச்சை நிறத்தோடு, ஓலை ஆடுவது உட்பட. தலைகீழாக.

தலைகீழாக வருவதற்குக் காரணம் கேட்பார்கள். மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி சாய்வாகக் கீழ்நோக்கி வந்து, லென்ஸின் நடுவே புகுந்து, அதே சாய்வில் போய்த் தாளின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. அடியிலிருந்து வருவது மேலே போகிறது. ஒரு நூலை மர உச்சியிலிருந்து இழுத்து லென்ஸ் வழியாகக் கோத்தால் எங்கே வந்து முட்டும் என்று கையால் காட்டினால் போதும். இடமும் வலமும் கூட இப்படியே மாறியிருக்கும்.

இப்போது தாளுக்குப் பின்னால் நின்று, சின்ன பூதக்கண்ணாடியைக் கண்ணருகே வைத்துத் தாளில் விழுந்த படத்தைப் பாருங்கள். பெரிதாகத் தெரியும், கூடவே தாளின் நார்களும் சொரசொரப்பும் தெரியும். கண்ணையும் பூதக்கண்ணாடியையும் அசைக்காமல் வைத்துக்கொண்டு, இன்னொருவரைத் தாளை மெதுவாக உருவி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தாள் போனால் படமும் போய்விடும் என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். போகாது. தாளின் சொரசொரப்புதான் போகும். படம் முன்பைவிடப் பிரகாசமாக, வெறும் காற்றில், அதே இடத்தில் நிற்கும். "அத்தை, பேப்பர் இல்லாமப் படம் எப்படி நிக்குது?" என்று கத்திவிட்டுச் சின்னவன் தாளைத் திரும்ப நுழைத்தான், எடுத்தான், நுழைத்தான். தொலைநோக்கி செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இதுதான். குழாயே இல்லாமல் அவன் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் எப்போதும் காற்றில்தான் உருவாகிறது. மரத்தின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி லென்ஸின் மேல் பரவலாக விழுந்த ஒளி, அங்கே மறுபடி ஒரு புள்ளியில் சேர்கிறது. சேர்ந்துவிட்டு அதைத் தாண்டியும் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. தாள் செய்வதெல்லாம், அந்த ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பது. அதனால்தான் தாள் இருக்கும்போது அறையில் எங்கே நின்றாலும் படம் தெரிந்தது. தாளை எடுத்ததும் சிதறல் இல்லை, மொத்த ஒளியும் ஒரே வழியில் போகிறது, கண் அந்த வழியில் இருந்தால் மட்டும் தெரிகிறது. தலையைச் சற்று நகர்த்தினாலும் மறைந்துவிடும். குழாய் எதற்கு என்பதற்கு இங்கே பதில் வந்துவிட்டது: இரண்டு லென்ஸையும் கண்ணையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து வைக்கவும், பக்கத்து வெளிச்சம் உள்ளே வராமல் தடுக்கவும்தான்.

எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்? குவியத் தூரம் 100 செ.மீ. உள்ள லென்ஸ் நிலாவைச் சுமார் 9 மி.மீ. அகலப் படமாக்கும். ஒரு பட்டாணி அளவு. அந்தப் பட்டாணியை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், வானத்து நிலா நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதே அளவில்தான் தெரியும். ஆனால் நாம் அதை 5 செ.மீ. அருகில் போய்ப் பார்க்கப் போகிறோம். தூரம் இருபதில் ஒன்றாகக் குறைந்ததால் 20 மடங்கு பெரிதாகத் தெரியும். வெறும் கண்ணால் 5 செ.மீ. தூரத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க முடியாது, அதற்குத்தான் பூதக்கண்ணாடி. ஆக, முன் லென்ஸின் குவியத் தூரத்தைப் பின் லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் மடங்கு கிடைத்துவிடும். அந்தப் பிளாஸ்டிக் தொலைநோக்கியின் பெட்டி மேல், இத்தனை மடங்கு என்று போட்டிருந்த பெரிய எண்ணைப் பிள்ளைகள் இந்தக் கணக்கை வைத்தே சரிபார்த்தார்கள். எண் தோற்றது.

செய்யத் தொடங்குமுன் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடிகூட. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், புகை படிந்த கண்ணாடி, சிடி எதை வைத்தாலும் கூடாது. விழித்திரை வெந்துபோவது வலிக்காது, அதனால் பிள்ளைக்குத் தெரியாமலேயே பார்வை போய்விடும். பகலில் பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டுமே கையில் கொடுங்கள். லென்ஸ்களை வெயில் படும் ஜன்னலில் போட்டும் வைக்காதீர்கள். தாளும் திரைச்சீலையும் தீப்பற்றும்.

குழாய்க்கு நாங்கள் எடுத்தது 75 மி.மீ. பிவிசி பைப், 90 செ.மீ. நீளம். ஹார்டுவேர் கடையில் வெட்டியே கொடுத்தார்கள். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயும் ஆகும். பைப்பின் உட்புறம் பளபளப்பாக இருப்பதால் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். கறுப்பு சார்ட் தாளைச் சுருட்டி உள்ளே விட்டால் அடங்கிவிடும். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள், படத்தின் தெளிவில் பெரிய வித்தியாசம் தெரியும். பைப்பின் ஒரு வாயில், அதிகம் வளைந்த பக்கம் வெளியே பார்க்கும்படி பிளஸ் 1 லென்ஸை வைத்து, முன்னும் பின்னும் சார்ட் வளையம் ஒட்டி அசையாமல் நிறுத்துங்கள். கோணலாக உட்கார்ந்தால் நட்சத்திரங்களுக்கெல்லாம் வால் முளைக்கும்.

இரண்டாவது குழாய், பைப்புக்குள் இறுக்கமாக வழுக்கி நுழையும்படி கறுப்பு சார்ட்டைப் பல சுற்றுச் சுருட்டி ஒட்டியது; 30 செ.மீ. நீளம். இதன் வெளிநுனியில் ஒரு தெர்மாகோல் வட்டத்தைப் பொருத்தி, நடுவில் துளை போட்டுச் சின்ன லென்ஸை அமர்த்துங்கள். இரண்டு லென்ஸுக்கும் நடுவே 105 செ.மீ. வர வேண்டும், அதாவது இரண்டு குவியத் தூரங்களின் கூட்டல். நிலாவுக்கு இதுவே சரி. 20 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் 5 செ.மீ. இழுக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் குழாய் அதற்குத்தான்.

அடுத்தது, பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மறுக்கும் ஒரு காரியம். முன்பக்க லென்ஸின் பெரும்பகுதியை மறைக்க வேண்டும். கறுப்பு சார்ட்டை வட்டமாக வெட்டி, நடுவில் 2.5 செ.மீ. துளை மட்டும் விட்டு லென்ஸின் முன்னால் ஒட்டுங்கள். "இவ்வளவு பெரிய லென்ஸ வாங்கிட்டு மூடச் சொல்றீங்களே" என்று பெரியவள் சண்டைக்கு வந்தாள். மூடாமலும் பார், மூடியும் பார் என்று விட்டுவிட்டேன். மூடாமல் பார்த்தால் செல்போன் டவரின் கம்பிகளுக்கு நீலமும் சிவப்புமாகக் கரை கட்டியிருந்தது, ஓரங்கள் குழம்பியிருந்தன. ஒரே கண்ணாடித் துண்டு நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைப்பதால் நீலப் படமும் சிவப்புப் படமும் வேறு வேறு இடத்தில் விழுகின்றன. துளையைச் சிறிதாக்கினால் அந்தக் குழப்பம் அடங்குகிறது. கலிலியோவும் தன் லென்ஸ்களின் ஓரத்தை அட்டையால் மறைத்துத்தான் பார்த்தார். இந்த நிறக்கரைத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் நியூட்டன் 1668-இல் லென்ஸை விட்டுவிட்டுக் குழியாடியில் தொலைநோக்கி செய்தார். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஆடி வகைதான், அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம். துளை சின்னதாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். இருட்டில் விரிந்த கண்மணியே 7 மி.மீ.க்கு மேல் போகாது, 25 மி.மீ. துளை அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கிறது.

முதன்முதலில் பார்க்கும்போது "ஒண்ணுமே தெரியல" என்பார்கள். பெரும்பாலும் கண்ணை லென்ஸோடு ஒட்டிக்கொண்டதுதான் காரணம். கண் பக்க லென்ஸிலிருந்து வெளியேறும் ஒளி, அதற்குச் சுமார் 5 செ.மீ. பின்னால் ஒரு சின்ன வட்டமாகக் குவிகிறது. கண்மணி அங்கே இருந்தால்தான் முழுக் காட்சியும் கிடைக்கும். தொலைநோக்கியைச் சூரியன் இல்லாத பக்கத்து வானத்துக்குத் திருப்பி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அந்த வட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு மி.மீ.யைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு சார்ட் வளையத்தைக் கண் பக்கம் ஒட்டிவிட்டால், வளையத்தில் கண்ணை வைத்தாலே போதும்.

பகலில் பார்த்தது செல்போன் டவரும் அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்காவும். "காக்கா வௌவால் மாதிரித் தொங்குது!" இப்படி இரண்டு குவிலென்ஸ், அதாவது பிளஸ் பவர் லென்ஸ் வைக்கும் முறையை 1611-இல் விளக்கி எழுதியவர் வானியலாளர் கெப்ளர். இதில் எல்லாமே தலைகீழ்தான். நேராகத் தெரிய வேண்டுமானால் கண் பக்கத்தில் குழிலென்ஸ், அதாவது மைனஸ் பவர் வைக்க வேண்டும். கலிலியோ அப்படித்தான் வைத்தார். பிளஸ் 2-உம் மைனஸ் 10-உம் வாங்கி 40 செ.மீ. இடைவெளியில் வைத்தால் 5 மடங்கில் நேராகத் தெரியும். காக்கா பார்க்க அது தேவலை. ஆனால் காட்சி சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோலக் குறுகிவிடும். நிலாவுக்கு மேலென்ன கீழென்ன என்று நாங்கள் கெப்ளர் முறையோடு இருந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் ராத்திரி மொட்டை மாடி. நிலா பார்க்கப் பௌர்ணமிதான் நல்ல நாள் என்று எல்லாரும் நினைப்போம். தொலைநோக்கிக்கு அது மோசமான நாள். வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, தட்டையான வெள்ளைத் தட்டுதான் தெரியும். அமாவாசை கழிந்து ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, தினசரிக் காலண்டரைப் பார்த்து ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டை ஒட்டிப் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். அங்கேதான் பார்க்க வேண்டும்.

20 மடங்கில் கை நடுக்கமும் 20 மடங்கு பெரிதாகும். கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது. கைப்பிடிச் சுவரின் மேல் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து, அதில் குழாயை அழுத்தி உட்காரவைத்தோம். காட்சியின் அகலம் இரண்டு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான், ஆகவே தேடிப் பிடிப்பது சிரமம். குழாயின் முதுகில் ஒரு ஸ்ட்ராவை நீளவாக்கில் ஒட்டி, பகலிலேயே டவரின் உச்சியை வைத்துச் சரிசெய்துகொண்டால், இரவில் ஸ்ட்ரா வழியாக நிலா தெரியும்போது உள்ளேயும் தெரியும். வியாழன் வானத்தில் இருக்கும் மாதமானால் அதையும் விட்டுவிடாதீர்கள். 1610 ஜனவரி 7 அன்று, ஏறக்குறைய இதே 20 மடங்கில், கலிலியோ அதன் பக்கத்தில் வரிசையாக மூன்று புள்ளிகளைப் பார்த்தார். சில நாளில் நான்காவதும் தெரிந்தது. நான்கும் வியாழனின் நிலாக்கள். சனியின் வளையம் மட்டும் இதில் தெரியாது, முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் நிலா இரண்டு நிமிடத்தில் தன் அகலம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் பெரியவள் தேடிப் பிடித்துக் கொடுப்பாள், சின்னவன் ஓடிவருவதற்குள் அது ஓரத்துக்குப் போயிருக்கும், இருவருக்கும் சண்டை. நான்கைந்து முறை இப்படி ஆனபிறகு சின்னவன் ஒரு வேலை செய்தான். உட்குழாயை அப்படியே வெளியே உருவிவிட்டு, கீழே போய் முதல் நாள் பட்டர் பேப்பரை எடுத்துவந்து, பைப்பின் பின்வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினான். வந்தது. பட்டாணி அளவு, பாதி நிலா, தலைகீழாக. அம்மா, அப்பா, பாட்டி என்று கீழ்வீட்டிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்து, அன்றைக்கு எல்லாருக்கும் தாளிலேயே நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தான்.